சொல்லைச் சொல்லாமல் கேட்பது எப்படி: ஆங்கில வட்டார வழக்கு ஆராய்ச்சிக்கு ஓர் அறிமுகம்

மான்செஸ்டரில் ஒரு கடைக்குப் போய் உள்ளங்கை அளவு வட்ட ரொட்டி வாங்க வேண்டுமென்றால் ‘பார்ம்’ என்று கேட்க வேண்டும். நாட்டிங்ஹாமில் அதே ரொட்டிக்குப் பெயர் ‘காப்’. கவென்ட்ரியில் ‘பேட்ச்’. மேற்கு யார்க்ஷயரில் ‘டீகேக்’. நாட்டின் மற்ற பகுதிகளில் டீகேக் என்றால் உலர்திராட்சை போட்ட இனிப்பு பன். அதனால் யார்க்ஷயர்க்காரர் ஒருவர் லண்டனில் போய் டீகேக்குக்குள் பன்றிக்கறி வைத்துத் தரச் சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். இத்தனைக்கும் இங்கிலாந்து பெரிய நாடு ஒன்றும் இல்லை. பரப்பளவில் ஏறக்குறைய தமிழ்நாடுதான். இரண்டுமே 1,30,000 சதுர கிலோமீட்டரை ஒட்டியவை.

சரி, இந்த ஊரில் இந்தச் சொல் வழங்குகிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்? யாரோ போய்க் கேட்டிருக்க வேண்டும். யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் கிடைத்திருக்கும். ஆங்கில வட்டார வழக்கு ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இந்தக் கேட்கும் கலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொற்கள் சுவாரசியமானவை, ஆனால் அவற்றைக் கறந்தெடுத்த விதம் அதைவிடச் சுவாரசியம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். உச்சரிப்பு மட்டும் மாறினால் அதை ‘ஆக்சென்ட்’ என்கிறார்கள். குளியலைக் குறிக்கும் ‘பாத்’ என்ற சொல்லைத் தெற்கு இங்கிலாந்தில் நெடிலாகவும் வடக்கே குறிலாகவும் சொல்வது இந்த வகை. சொல்லும் இலக்கணமும் சேர்ந்து மாறினால் அது ‘டயலெக்ட்’, அதாவது வட்டார வழக்கு. ‘ஒயில்’ என்ற சொல் பொது ஆங்கிலத்தில் ‘அந்த நேரத்தில்’ என்று பொருள் தரும். யார்க்ஷயரில் ‘வரை’ என்றும் பொருள் தரும். ‘நைன் ஒயில் ஃபைவ்’ வேலை என்றால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. ரயில்வே கேட்டில் ‘விளக்கு எரியும்போது காத்திரு’ என்று எழுதியிருந்ததை ‘விளக்கு எரியும் வரை காத்திரு’ என்று படித்துவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்ததும் வண்டியைக் கிளப்பிய யார்க்ஷயர்க்காரரைப் பற்றி ஒரு கதை உண்டு. வெறும் கதைதான், ஆனால் விஷயம் அதில் நன்றாகப் புரிந்துவிடுகிறது.

சீட்டுகளின் காலம்

ஊர்ச் சொற்களைத் தனியாகத் திரட்ட வேண்டும் என்று நினைத்த முன்னோடிகளில் ஒருவர் ஜான் ரே. அவர் தாவரவியலாளர். செடிகொடிகளைத் தேடி ஊர் ஊராகப் போனவர் காதில் விழுந்த சொற்களையும் குறித்துவைத்து 1674இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதற்குப் பிறகு 200 ஆண்டுகள் பாதிரியார்களும் பள்ளி ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற மருத்துவர்களும் தத்தம் ஊர்ச் சொற்களைப் பட்டியல் போட்டு வந்தார்கள். 1873இல் இவர்களை ஒன்று சேர்க்க ஆங்கில வட்டார வழக்குக் கழகம் தொடங்கப்பட்டது. எல்லாப் பட்டியல்களையும் சேர்த்து ஒரே அகராதியாக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று.

அந்த வேலை கடைசியில் ஜோசப் ரைட் கைக்கு வந்தது. இவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1855இல் பிராட்ஃபர்டு அருகே பிறந்தவர். 6 வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். அடுத்த ஆண்டு நூற்பாலையில் வேலை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே 15 வயதில்தான். பிறகு சேர்த்துவைத்த காசோடு ஜெர்மனிக்குப் போனார்; ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹைடல்பெர்க் வரை நடந்தே போனவர். அங்கே முனைவர் பட்டம் வாங்கி, 1901இல் ஆக்ஸ்ஃபர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். அதே பதவியில் அவருக்கு முன்பு இருந்தவர் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த மேக்ஸ் முல்லர். ஆக்ஸ்ஃபர்டில் உட்கார்ந்து 1892இல் ரைட் வெளியிட்ட வட்டார வழக்கு இலக்கணம் எந்த ஊரைப் பற்றியது தெரியுமா? தான் வளர்ந்த விண்ட்ஹில் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரைப் பற்றியது.

கழகம் சேர்த்துவைத்திருந்த சொற்சீட்டுகள், அதாவது சொல்லையும் அதன் விவரத்தையும் எழுதிய துண்டுக் காகிதங்கள், அவரிடம் வந்தபோது எடை ஏறக்குறைய ஒரு டன். அது போதாதென்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களிடமிருந்து மேலும் சீட்டுகளை வரவழைத்தார். 1898 முதல் 1905 வரை 6 தொகுதிகளாக ‘ஆங்கில வட்டார வழக்கு அகராதி’ வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த மாவட்டத்தில் வழங்குகிறது, யார் எழுதியனுப்பினார்கள், என்ன வாக்கியத்தில் வந்தது என்ற விவரம் இருக்கும்.

இன்றும் பயன்படும் பெரிய சாதனை. ஆனால் சீட்டு முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருவர் புத்தகத்தில் படித்த சொல், பாட்டி சொல்லிக் கேட்ட சொல், நேற்று சந்தையில் காதில் விழுந்த சொல் மூன்றும் சீட்டில் ஒரே மாதிரித்தான் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம், ஒரு மாவட்டத்தின் பெயர் அகராதியில் இல்லையென்றால் அங்கே அந்தச் சொல் இல்லை என்று அர்த்தமா, அங்கிருந்து யாரும் கடிதம் போடவில்லை என்று அர்த்தமா என்பது. சீட்டை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை வராது.

இதே காலத்தில் நம் பக்கத்திலும் ஓர் அகராதி உருவானது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெலும் ஹென்றி யூலும் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886இல் வந்தது. அதைப் பார்க்காமலே 1882இல் பர்னெல் இறந்துவிட்டார். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் ஆங்கிலத்துக்கான வட்டார அகராதி அது. மூன்று மாகாண ஆங்கிலேயர்களுக்கும் தனித்தனிப் பட்டப்பெயர் இருந்ததை அதில் பார்க்கலாம்: வங்காளத்தார் ‘குவி-ஹை’, வேலைக்காரரைக் கூப்பிடும் ‘கோயி ஹை’யிலிருந்து வந்தது, பம்பாய்க்காரர் ‘டக்’, சென்னைக்காரர் ‘மல்’. இந்த ‘மல்’ நம் மிளகுத்தண்ணீரிலிருந்து வந்த ‘மல்லிகட்டானி’யின் சுருக்கம். படைப்பிரிவின் காவல் அறைக்கு ‘கஞ்சி ஹவுஸ்’ என்று பெயர் இருந்ததும் அதில் உண்டு. உள்ளே இருப்பவருக்குக் கஞ்சிதான் சாப்பாடு.

பல் நன்றாக இருக்கும் முதியவர் தேவை

ரைட்டின் முறையில் இருந்த ஓட்டையை அடைக்க ஒரே வழி, எல்லா ஊரிலும் ஒரே கேள்வியை நேரில் போய்க் கேட்பது. அதைத்தான் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஆர்ட்டன் செய்தார். சூரிச்சைச் சேர்ந்த ஆய்கன் டீத் என்ற அறிஞரோடு சேர்ந்து 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலைத் தயாரித்தார். 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தின் 313 இடங்களில் களப்பணி நடந்தது. பெரும்பாலும் சின்னச் சின்னக் கிராமங்கள்.

வினாநிரலின் சூட்சுமம் இதுதான்: தேடுகிற சொல்லைக் கேள்வியில் உச்சரிக்கவே கூடாது. ‘நீங்கள் மாட்டுத்தொழுவத்தை பையர் என்று சொல்வீர்களா?’ என்று ஒரு விவசாயியிடம் கேட்டால், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மனிதரை ஏமாற்ற வேண்டாமே என்று ‘ஆமாம், சொல்வதுண்டு’ என்பார். ‘பால் தரும் மாடுகளைக் கட்டிவைக்கும் இடத்துக்கு என்ன பெயர்?’ என்று கேட்டால் அவருடைய சொல் தானாக வந்து விழும். சில கேள்விகளில் பொருளையே கையில் எடுத்துக் காட்டுவார்கள். சில கேள்விகளில் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை அவரே முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். இடது கையைக் காட்டி, ‘எல்லாவற்றையும் இதனாலேயே செய்கிறவரை எப்படிச் சொல்வீர்கள்?’ என்பது போலக் கேட்பார்கள். இடதுகைக்காரருக்கு இங்கிலாந்தில் கிடைத்த சொற்களின் வகைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வடகிழக்கில் ‘கடி-விஃப்டர்’ என்றே ஒன்று உண்டு.

யாரிடம் கேட்பது என்பதிலும் கண்டிப்பு இருந்தது. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும், வயது 60க்கு மேல் இருந்தால் நல்லது, காது கேட்க வேண்டும், பல்லும் நன்றாக இருக்க வேண்டும். பொக்கை வாயிலிருந்து வரும் ஒலியை வைத்து ஊரின் ஒலியை எழுத முடியாதல்லவா. ஒரு வினாநிரலை முடிக்கப் பல நாள் பிடிக்கும். ஸ்டான்லி எல்லிஸ் என்ற களப்பணியாளர் ஒரு கேரவனை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்த் தங்கினார். சேகரித்தவை 1962 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. வரைபட நூல் 1978இல்தான் வந்தது; ஆர்ட்டன் அதற்கு 3 ஆண்டு முன்பே காலமாகியிருந்தார்.

வரைபடம் என்று சொன்னேன் அல்லவா, இந்த ஆராய்ச்சியின் உண்மையான ருசி அங்கேதான். ஒவ்வொரு ஊரின் பதிலையும் ஒரு புள்ளியாக வைத்து, ஒரே சொல் வழங்கும் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்கு ‘ஐசோகிளாஸ்’ என்று பெயர். சொல்லின் எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஆற்றைவிடச் சின்னதாக ஓடும் தண்ணீருக்கு என்ன பெயர்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தை ஒட்டிய நார்தம்பர்லாந்தில் ‘பர்ன்’ என்றார்கள். அதற்குத் தெற்கே கம்பர்லாந்து, யார்க்ஷயர், லிங்கன்ஷயர் என்று ‘பெக்’. மேற்கு மத்திய மாவட்டங்களிலும் தெற்கின் பெரும்பகுதியிலும் ‘புரூக்’. இப்போது இதோடு இன்னொரு வரைபடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: 9ஆம் நூற்றாண்டு முதல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் குடியேறிய பகுதிகள். ‘பெக்’ வழங்கும் நிலப்பரப்பும் அவர்கள் குடியேறிய நிலப்பரப்பும் பெருமளவு ஒத்துப்போகும். ‘பெக்’ அவர்களுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல். மற்ற இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்ப் பெயர்களும் அந்தக் குடியேறிகள் வைத்தவைதான். 1950களில் ஒரு முதியவர் தன் வயலோரத்து ஓடைக்குச் சொன்ன பெயரில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியேற்றம் தெரிகிறது. படிக்காதவர்களின் கொச்சை என்று பள்ளிகள் அடித்துத் திருத்தப் பார்த்த பேச்சு இது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தொழுவத்துக்கு வருவோம். வடகோடியில் ‘பையர்’, மேற்கு யார்க்ஷயரில் ‘மிஸ்டல்’, லங்காஷயர் பக்கம் ‘ஷிப்பன்’. இந்த ‘ஷிப்பன்’ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தென்மேற்கே டெவனிலும் தலைகாட்டுகிறது, நடுவில் இல்லை. இரண்டு மூலைகளும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. முன்பு பரவலாக இருந்த பழைய சொல்லை நடுப்பகுதியில் புதுச்சொல் வந்து தள்ளிவிட, அது ஓரங்களில் மட்டும் தங்கிவிட்டது. வரைபடத்தில் ஒரே சொல் எட்ட எட்ட இரண்டு திட்டுகளாக இருந்தால் முதலில் இப்படித்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆர்ட்டனின் கணக்கெடுப்புக்கும் குறை உண்டு. நகரங்களை ஏறக்குறைய விட்டுவிட்டார், பெண்கள் குறைவு, இளைஞர்கள் இல்லவே இல்லை. இப்படி இடம்பெயராத, கிராமத்து, வயதான ஆண்களையே தேடிப்போகும் வழக்கத்தை 1980இல் சேம்பர்ஸ், டிரட்கில் என்ற இரு அறிஞர்கள் ‘நார்ம்’ என்று ஒரு சுருக்கப் பெயர் வைத்துச் சுட்டிக்காட்டினார்கள். ஆர்ட்டன் தேடியது மறையப்போகும் பேச்சை. அதற்கு அவர் தேர்வு சரிதான் என்பேன். ஆனால் அதைப் பார்த்து ‘இங்கிலாந்து இப்படித்தான் பேசியது’ என்று சொன்னால் அது தப்பு.

காவல்துறைக்கு வந்த ஒலிநாடா

கேரவனில் அலைந்த எல்லிஸ் 1979இல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டார். யார்க்ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொலை செய்துவந்தவனைத் தேடிக்கொண்டிருந்த காவல்துறைக்கு அந்த ஜூனில் ஒரு ஒலிநாடா வந்தது. ‘நான்தான் ஜாக்’ என்று தொடங்கி அதிகாரியைக் கேலி செய்யும் குரல். எல்லிஸும் அவருடைய சக ஆய்வாளர் ஜாக் விண்ட்சர் லூயிஸும் அதைக் கேட்டார்கள். வடகிழக்கு என்பது யாருக்கும் தெரிந்துவிடும். இவர்களோ சண்டர்லாண்டு நகருக்குள்ளேயே காஸில்டவுன் என்ற பகுதியை ஒட்டியவன் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் காவல்துறை செய்ததுதான் விபரீதம். அந்தப் பேச்சு இல்லாதவர்களையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒதுக்கத் தொடங்கியது. குரல் போலியாக இருக்கலாம், அதாவது பேசுகிறவன் கொலைகாரனாக இல்லாமல் இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் இருவருமே எச்சரித்தும் போதிய பலன் இல்லை. 1981 ஜனவரியில் பிடிபட்ட பீட்டர் சட்கிளிஃப் பிராட்ஃபர்டைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். அதற்கு முன்பே பலமுறை விசாரிக்கப்பட்டு விடப்பட்டவர். ஒலிநாடா அனுப்பியவர் 2005இல் உறையில் இருந்த மரபணுவை வைத்துச் சிக்கினார். எல்லிஸ் சொன்ன இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி வளர்ந்தவர். ஊரைக் கண்டுபிடித்ததில் பிசகே இல்லை. பேச்சு ஒருவர் வளர்ந்த இடத்தைச் சொல்லும், அவர் செய்ததைச் சொல்லாது; அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தவர் ஃபிரெடெரிக் காசிடி, ஜமைக்காவில் பிறந்தவர். 1965 முதல் 1970 வரை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் ‘சொல் வண்டி’ என்று பெயர் வைத்த வேன்களில் கிளம்பி, 1,002 ஊர்களில் 2,777 பேரைப் பேட்டி எடுத்தார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்வரிசைக்கு என்ன பெயர் என்றெல்லாம் கேட்டார்கள். சில ஊர்களில் ‘மர லான்’, ஒஹையோவின் ஆக்ரன் நகரத்தில் ‘டெவில் ஸ்ட்ரிப்’, அதாவது பேய்ப்பட்டை! இந்தப் பதில்களிலிருந்து உருவான வட்டார வழக்கு அகராதியின் முதல் தொகுதி 1985இலும் ஐந்தாவது 2012இலும் வந்தன. நடுவில் 2000இல் காசிடி இறந்துபோனார். அவர் கல்லறையில் ‘இசட் வரை போவோம்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள்.

வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் வேறு விதமாகக் கேட்டார். கேள்வி என்று தெரிந்தாலே மக்கள் பேச்சைத் திருத்திக்கொள்கிறார்கள் என்பது அவர் கவலை. 1962இல் நியூயார்க்கில் பணக்காரர் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என்று மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போனார். நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காது கேட்காதது போல முன்னால் சாய்ந்து மறுபடி கேட்டால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். அவ்வளவுதான், சற்றுத் தள்ளிப் போய், ‘ர்’ ஒலி வந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வார். பணக்காரர் கடையில் ‘ர்’ அதிகம், மலிவுக் கடையில் குறைவு. வட்டாரத்தோடு வர்க்கமும் பேச்சைப் பிரிக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாக யாரும் காட்டியதில்லை.

இப்போது கேள்வி இணையத்தில் வருகிறது. 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட வட்டார வழக்கு வினாடிவினா அந்த ஆண்டு அவர்கள் தளத்தில் மிக அதிகம் பேர் பார்த்த பக்கமானது. 2016இல் பிரிட்டனில் ஒரு கைபேசிச் செயலி வந்தது. ஆர்ட்டனின் பழைய கேள்விகள் சிலவற்றுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் பதில் தந்தார்கள். இலையுதிர் காலத்துக்கு 1950களில் பல இடங்களில் வழங்கிய ‘பேக்எண்ட்’ ஏறக்குறையக் காணாமல் போய், எங்கும் ‘ஆட்டம்’ ஆகியிருந்தது. விரலில் ஏறும் சிராய்க்கு வடகிழக்கில் வழங்கும் ‘ஸ்பெல்க்’ மட்டும் அசையவில்லை. கவனித்தீர்களா, இங்கே விடைகளைப் பட்டியலாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஆர்ட்டன் செய்யாதே என்றதைத்தான் செய்கிறார்கள். தான் சொல்வதாக ஒருவர் நினைக்கும் சொல்லும் உண்மையில் அவர் வாயில் வரும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது இந்தப் பிழை ஓரளவு அமுங்கிவிடும் என்பதுதான் இதற்குச் சமாதானம். எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் 313 கிராமத்துக்கு நடையாய் நடக்க இன்று யார் பணம் கொடுப்பார்?

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால், பிரிட்டனில் படிக்கும் தம்பியோ வேலை பார்க்கும் அக்காவோ இருந்தால் போதும். அவர்களுடைய உள்ளூர் நண்பர்களுக்கு ஐந்தாறு படங்களை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்: வட்ட ரொட்டி, இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் குறுகிய சந்து, விரலில் சிராய், சின்ன ஓடை. படத்துக்குக் கீழே எதுவும் எழுதக் கூடாது. பதிலோடு எந்த ஊரில் வளர்ந்தார்கள், அப்பா அம்மா எந்த ஊர், வயது என்ன என்று கேட்டு வாங்குங்கள். இப்போது குடியிருக்கும் ஊர் அவ்வளவு முக்கியமில்லை. முதலில் வாயில் வந்த சொல்லைத் தனியாகவும், ‘இப்படியும் கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்பதைத் தனியாகவும் எழுதுங்கள். சந்துக்கு மட்டும் லங்காஷயரிலும் மேற்கு யார்க்ஷயரிலும் ‘கின்னல்’, யார்க்ஷயரின் வேறு பகுதிகளில் ‘ஸ்னிக்கெட்’, லெஸ்டர் பக்கம் ‘ஜிட்டி’, சசெக்ஸில் ‘ட்விட்டன்’ என்று வர வாய்ப்புண்டு. வந்த சொற்களை ரைட்டின் அகராதியோடு ஒப்பிடலாம். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் அதை முழுவதும் கணினிமயமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தும் தேடலாம்.